கூந்தன்குளத்து நாரையின் கால் ஏன் பின்பக்கம் மடிகிறது?

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மஞ்சள்மூக்கு நாரையைப் பார்த்து வரைந்தால் முழங்கால் பின்பக்கம் மடிகிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வரைந்தது சரிதான். ஆனால் அது முழங்கால் இல்லை, கணுக்கால். அதற்குக் கீழே மெலிந்து நீண்டிருப்பது பாத எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்த பகுதி. நாரை விரல்களில்தான் நிற்கிறது. நிஜ முழங்கால் வயிற்றோரம் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

1555இல் பிரான்ஸைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் பியர் பெலோன் மனித எலும்புக்கூட்டையும் பறவையினுடையதையும் அருகருகே வைத்து, ஒத்த எலும்புகளுக்கு ஒரே எழுத்தைக் குறித்துப் படம் வெளியிட்டார். அவசியம் பாருங்கள், அத்தனை தெளிவு!

அப்புறம், வரையும்போது முதலில் உடம்பைப் போட்டு, முழங்காலுக்கு அதற்குள்ளேயே லேசாக ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து கோடு பின்னோக்கிக் கணுக்காலுக்கு இறங்கட்டும். விரல்கள் உடம்பின் பாரத்துக்கு நேர் கீழே வந்தால் நாரை சாயாமல் நிற்கும்.