தார் பாலைவனத்துக்கு அம்மா, அக்கா தங்கைகளோடு: கேள்வி பதில்

டிசம்பர் விடுமுறைக்கு ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போக நினைக்கும் கொங்குப் பகுதிக் குடும்பங்கள் கேட்டவை.

நாங்க அக்கா தங்கச்சி மூணு பேருங்க, அம்மாவுக்கு 66 வயசு. எங்க கார்லயே போயிரலாமுங்களா? (திருப்பூர்)

போகலாம்ங்க, ஆனால் வேண்டாம் என்பேன். ஒரு வழிக்கே 2,200 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 500 ஓட்டினாலும் அம்மா நாலைந்து நாள் சீட்டிலேயே கிடக்க வேண்டும். கால் வீங்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். மணலைப் பார்க்கும்போது யாருக்கும் தெம்பிருக்காது. கோவையிலிருந்து ஹிசார் போகும் வாராந்திர ஏ.சி. ரயில் ஜோத்பூர் வழியாகப் போகிறது. அம்மாவுக்கு மட்டும் தனி டிக்கெட்டாக, மூத்த குடிமக்கள் கோட்டாவில் போடுங்கள். நாலு பேரை ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தக் கோட்டாவின் கீழ் பெர்த் கிடைக்காது.

ஜோத்பூரில் கார் எடுங்கள். பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். நீங்களே ஓட்டும் வாடகைக் கார் என்றால் கருப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

வெயில்ல டயர் வெடிக்குமுன்னு காத்தைக் கொறைச்சு வெக்கச் சொல்றாங்களே? (பெருந்துறை)

தவறான யோசனை. டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவையே வையுங்கள். காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கி இன்னும் சூடேறும். பெரும்பாலும் வெடிப்பதே அதனால்தான். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள், பலர் மறப்பது அதைத்தான்.

மணல்ல சிக்கிட்டா? (சத்தியமங்கலம்)

ஜெய்சல்மேரிலிருந்து சாம் மணல்மேடு வரை 40 கிலோமீட்டரும் தார் ரோடுதான், வாடகைக் காரை மணலில் இறக்கவே தேவையில்லை. ஓரம் கட்டும்போது சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுழலச் சுழலக் குழி ஆழமாகி வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும், அப்புறம் டிராக்டர்தான். எல்லோரும் இறங்கிக்கொண்டு, என்ஜின் ஓட்டும் சக்கரங்களுக்கு (சிறு கார் பெரும்பாலானவற்றில் முன் சக்கரம்) முன்னும் பின்னும் மணலை வாருங்கள். காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்தடியில் சாக்கைத் திணித்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெல்ல எடுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மறுபடி காற்றடிக்கும் வரை 40 வேகத்தைத் தாண்டாதீர்கள். 12 வோல்ட் காற்று பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

அம்மாவுக்குச் சக்கரை, இன்சுலின் போடறாங்க. (தாராபுரம்)

ஊசிப் பேனா அம்மாவின் கைப்பையிலேயே இருக்க வேண்டும். நிறுத்திய காருக்குள் டிசம்பரிலும் வெயில் அடித்தால் மருந்து கெடும். ஐஸ்கட்டியில் ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும். ஈரத்துணி சுற்றி, கண்ணாடி வழியாக வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். அம்மா சாப்பிடும் பி.பி. மாத்திரை நீர் போக்கும் வகையா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்வதால் உடம்பு நீர் இழப்பது தெரியாது. தாகத்துக்குக் காத்திராமல் அரை மணிக்கொரு தடவை இரண்டு மடக்கு குடிக்கட்டும். காரில் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் ஏற்றுங்கள்.

வழியில பாத்ரூம்? அதுக்கு பயந்தே அம்மா தண்ணி குடிக்க மாட்டாங்க. (கோபி)

ரொம்ப முக்கியமான கேள்வி அம்மிணி. பெரிய பெட்ரோல் பங்க், பொக்ரானில் ஹோட்டல் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தத்தை முன்பே முடிவு செய்து அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து எங்கே என்று தெரிந்தால் குடிப்பார். மடக்குக் கமோடு நாற்காலி, பெரிய குடை, இரண்டு பழைய சேலை இருந்தால் ஆளில்லாத இடத்திலும் சமாளிக்கலாம்.

முழங்கால் வலியோட ஒட்டகம் ஏறலாமுங்களா? (பொள்ளாச்சி)

வேண்டாம், ஒட்டக வண்டியில் போகட்டும். ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும், ஆளை முன்னால் தள்ளும். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும், அப்போதும் முன்னால்தான் தள்ளும். ஏறும் தங்கைகள் இரண்டு நேரமும் சேணத்தை இறுகப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும்.

சாப்பாடு? (ஈரோடு)

சைவம் தாராளம், அரிசிச் சோறுதான் தேட வேண்டும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலக்ட்ரிக் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனோட் மாதா கோயில் ஒரே நாள்ல போய்ட்டு வரலாமுங்களா? (காங்கேயம்)

முடியும். ஜெய்சல்மேரிலிருந்து 120 கிலோமீட்டர். வழியில் வரும் ராம்கட் ஊரில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அங்கே டிசம்பரில் ஏழரை மணி வாக்கில்தான் விடியும், ஆறு மணிக்குப் பொழுது சாயும். நம்மூர் போல ஆறு மணிக்கே கிளம்பினால் இருட்டில் ஓட்ட வேண்டிவரும். ரோட்டில் மாடும் ஒட்டகமும் படுத்திருக்கும், காற்று அடித்த இடத்தில் மணல் குவிந்திருக்கும். எட்டு மணிக்குக் கிளம்பி ஐந்தரைக்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிடுங்கள்.