தெர்மாகோல் சுவரில் கதவு நிற்குமா?

கேள்வி: மொட்டை மாடியில் 50 மி.மீ. தெர்மாகோல் பலகைகளை வைத்துச் சின்ன அறை போட்டிருக்கிறோம். ஒரே வாரத்தில் கதவுக் கீல் ஸ்க்ரூவோடு பிய்ந்து வந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, காசிமேடு

பதில்: தெர்மாகோலில் ஸ்க்ரூ பிடிக்காதும்மா. கதவின் பாரம் சுவரில் ஏறவே கூடாது, தரையில் ஊன்றிய மரச்சட்டத்தில் இறங்க வேண்டும். அதற்கு, வாசலைச் சுற்றி உள்ளே ஒரு சட்டமும் வெளியே ஒரு சட்டமுமாக, 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் ரீப்பர் கட்டைகள் (ஒல்லியான மரச்சட்டங்கள்) வைத்துப் பலகையைக் கவ்வ விடுங்கள். அடிக்கு ஒரு 8 மி.மீ. போல்ட், இரு பக்கமும் அகல வாஷர்.

முறுக்கினால் தெர்மாகோல் நசுங்கும், சில நாளில் போல்ட் ஆடும். அதைத் தடுக்க, சரியாக 50 மி.மீ. நீளத்துக்கு அறுத்த பிவிசி குழாய்த் துண்டைப் பலகைத் துளையில் சொருகி, அதன் வழியே போல்ட்டை விடுங்கள். முறுக்குகிற அழுத்தத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும்.

வெளிச்சட்டத்தில் 4 அங்குலக் கீல் மூன்று. உங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாங்கும். திறந்த கதவைக் காற்று அறையாமலிருக்கக் கொக்கி போடுங்கள். ரப்பர் பசை தொடவே வேண்டாம், தெர்மாகோல் கரைந்துவிடும். தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும். உள்ளே அடுப்போ கொசுவத்தியோ கூடவே கூடாது.