மறுமொழி: அடிவாரப் பள்ளியிலிருந்து மகளை மாற்றுவது குறித்து

ஐயா, வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான் இருப்பதால், எட்டாம் வகுப்பு முடித்த மகளை இப்போதே நகரத்துத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும், கல்லூரியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கின்றன. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்தத் தகுதி கைநழுவிப் போய்விடும். பத்து முடிந்ததும் சேலத்தில் உள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம். என் மகளும் அப்படித்தான் படித்தாள்; சிறப்பு வகுப்பு முடிந்து, புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் இருட்டில் பேருந்திலிருந்து இறங்கும்வரை நிறுத்தத்திலேயே காத்து நிற்பேன். ஆகவே மாலைப் பேருந்து நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.