பெயர் வைக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நட்சத்திர எழுத்தை, அதாவது பிறந்த நட்சத்திரத்தின் பாதத்துக்கு (கால் பங்குக்கு) உரிய பெயரின் முதல் எழுத்தைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன். நட்சத்திரம் பார்த்துப் பெயர் கேட்பவர்கள் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் எழுத வேண்டும் என்று முன்பும் சொல்லியிருக்கிறேன். இந்த முறையும் பலர் எழுதவில்லை.

மகள் ரோகிணி இரண்டாம் பாதம் என்று ஊரில் இருக்கும் ஜோசியர் சொல்லிவிட்டார். இங்கே கோயில் குருக்கள் முதல் பாதம் என்கிறார். யார் சொல்வது சரி? (செங்காங் வாசகர்)

பிறந்த நேரத்தை ஊருக்கு எப்படிச் சொன்னீர்கள்? சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 10 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு இந்திய நேரம் ஏழரை. நீங்கள் வெறுமனே "காலை பத்து" என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப, அவர் அதை இந்திய நேரமாக எடுத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டியிருப்பார். ஒரு பாதம் ஏறக்குறைய 6 மணி நேரம்தான். இரண்டரை மணி தள்ளிப் பார்த்தால் அடுத்த பாதத்துக்குப் போய்விடுவது சாதாரணம். குருக்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நேரத்தைத் திருத்தி ஊருக்கு இன்னொரு முறை அனுப்பிப் பாருங்கள்.

ரோகிணியின் நான்கு பாதத்துக்கும் வரிசையாக ஓ, வ, வி, வு. முதல் பாதம் என்றால் ஓவியா இருக்கிறது. மனம் வானதியில் நின்றுவிட்டது என்றால் அதையே வையுங்கள். நட்சத்திரத்தின் நான்கு எழுத்தில் எதுவும் சரி என்று ஏற்கும் குடும்பங்கள் நிறைய. தாத்தா பாட்டி ஜாதகத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 1982 பிறக்கும் முன் இங்கே கடிகாரம் அரை மணி பின்னால் இருந்தது. அப்போது இந்தியாவோடு வித்தியாசம் இரண்டு மணிதான்.

மகன் பூரம் மூன்றாம் பாதம். "டி"யில் தொடங்கும் நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும். (ஜூரோங் வெஸ்ட்)

கிடையாது. தமிழ்ச் சொல் எதுவும் ட வரிசையில் தொடங்காது. தொல்காப்பியம் காலத்திலிருந்தே அப்படித்தான். பூரம் சிம்ம ராசியில் வருகிறது, அந்த ராசிக்கு ம வரிசையும் உண்டு. மாறன், மகிழன், முகிலன் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரம். ஆண் குழந்தைக்கு மாடர்னாக ஒரு பெயர் சொல்லவும். (பெயர், ஊர் எழுதவில்லை)

உங்கள் வீட்டில் என்ன மொழி புழங்குகிறது, அப்பா பெயர் என்ன, மூத்த பிள்ளை உண்டா, நட்சத்திரம் பார்ப்பீர்களா, எதுவும் தெரியாமல் என்ன சொல்வது? எண்பது வருடம் கூட வரப்போகிற ஒன்றுக்கு நான்கு வரி எழுத நேரம் ஒதுக்குங்கள். எழுதினால் பதில் சொல்கிறேன்.

மகளுக்குக் கயல் என்று முடிவு செய்துவிட்டோம். எண் கணிதம் பார்க்கிறவர் கூட்டுத்தொகை 8 வருகிறது, கெடுதல், கே-க்குப் பிறகு இன்னொரு ஏ-யும் கடைசியில் ஒரு ஹெச்சும் சேருங்கள், 5 வந்துவிடும் என்கிறார். மாமியாருக்கு இப்போது தூக்கமே இல்லை. என்ன செய்யட்டும்? (புக்கிட் பாத்தோக் வாசகி)

அம்மா, கயலைக் கயலாகவே விட்டுவிடுங்கள். இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஜோசியர் எப்படிக் கூட்டினார் என்று பாருங்கள். அவர் கையாளும் முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு. கே-க்கு 2, ஏ-க்கு 1, ஒய்-க்கு 1, மறுபடி ஏ 1, எல்-லுக்கு 3. மொத்தம் 8. சரி. ஆனால் இதே தொழிலில் இன்னொரு முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் எழுத்துகளை வரிசையாக 1 முதல் 9 வரை எண்ணிக்கொண்டே போவார்கள், ஒய்-க்கு 7 வரும். மற்ற நான்கு எழுத்துக்கும் அதே மதிப்புதான். கூட்டினால் 14, அதாவது 5. அவர் எந்த எண்ணை உங்களுக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறாரோ அதே 5, ஓர் எழுத்துகூடச் சேர்க்காமலே வந்துவிடுகிறது. இதை மாமியாரிடம் காகிதத்தில் எழுதியே காட்டுங்கள்.

அடுத்தது, இரண்டு முறையும் எண்ணுவது ஆங்கில எழுத்தை. நீங்கள் தேர்ந்தெடுத்ததோ தமிழ்ப் பெயர். க, ய, ல் என்ற மூன்று எழுத்தை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. இன்னும் மோசம், கே-க்குப் பின் இரண்டு ஏ போட்டால் படிப்பவர் "காயல்" என்றுதான் படிப்பார். கயல் மீன், காயல் கடலோரத்து நீர்ப்பரப்பு. எண்ணைத் திருத்தப் போய் பெண்ணின் பெயரே மாறிவிடுகிறது.

அதற்குப் பிறகு வரும் தொல்லையை அனுபவிப்பது மாமியாரும் அல்ல, ஜோசியரும் அல்ல, அந்தப் பிள்ளை. பாலர் பள்ளியில், பலதுறை மருந்தகத்தில், வங்கியில், விமான நிலையத்தில் என்று ஒவ்வொரு முகப்பிலும் "இரண்டு ஏ, கடைசியில் ஹெச்" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் அதைத் திருத்த அலைய வேண்டும். தொடக்கநிலை ஒன்றில் தமிழாசிரியர் கையில் இருப்பது ஆங்கிலப் பெயர்ப்பட்டியல். அதைப் பார்த்து அவர் கரும்பலகையில் "காயல்" என்று எழுதுவார், குழந்தையும் அதையே தன் பெயர் என்று எழுதக் கற்றுக்கொள்ளும். தன் பெயரைத் தமிழில் தப்பாக எழுதும் பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அந்தத் தவற்றைப் பெற்றோர் பதிவு செய்த அன்றே செய்துவிட்டார்கள்.

நம்பிக்கை உள்ளவர்களின் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. எண் கட்டாயம் வேண்டும் என்றால் எழுத்தைச் சேர்க்காதீர்கள், அந்த எண் வரும் வேறு நல்ல பெயரைத் தேடுங்கள். முதலில் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள், பிறகு வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

யாழினி என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? (பொங்கோல்)

தமிழ்நாட்டில் ழகரத்துக்கு இஸட் ஹெச் போடுவார்கள். இங்கே அது சரிவராது. உங்கள் மகளின் வகுப்பில் பாதிக்கு மேல் சீனப் பிள்ளைகள், அவர்கள் எல்லாரும் சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் ஹன்யூ பின்யின் படித்தவர்கள். பின்யினில் இஸட் ஹெச் என்றால் கிட்டத்தட்ட ஜகர ஒலி. "யாஜினி" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எல் போடச் சொல்வேன். ஊர் உறவினர்கள் ஆட்சேபித்தால், தமிழ் என்ற பெயரே ஆங்கிலத்தில் எல்-லில்தான் முடிகிறது என்று சொல்லுங்கள். ழகரத்தைத் தமிழில் எழுதும்போதும் வீட்டில் கூப்பிடும்போதும் விடாமல் காப்பாற்றுங்கள், அது போதும்.

இதோடு இன்னொன்று. பெயரை மலாய்க் காதுக்கும் சீனக் காதுக்கும் ஒரு முறை கேட்கவிடுங்கள். மதி அழகான பெயர், ஆனால் ஹெச் இல்லாமல் வெறும் டி போட்டு எழுதினால் மலாயில் "செத்துப்போ" என்று பொருள். ஹெச் சேர்த்து எழுதுங்கள், எண்ணுக்காக அல்ல, ஒலிக்காக. மாலா என்றால் பிள்ளைகளுக்கு உணவங்காடியில் அதே பெயரில் விற்கும் சீனக் காரச் சட்டிதான் நினைவுக்கு வரும். பாரி மலாயில் திருக்கை மீன். வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை, பாரி வள்ளலின் பெயரை நான் மனமார விரும்புகிறேன். தெரிந்து வையுங்கள் என்கிறேன்.

வேதனா என்றால் வேதம் அறிந்தவள் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. அனாமிகாவும் பிடித்திருக்கிறது. எது நல்லது? (உட்லண்ட்ஸ்)

இரண்டும் வேண்டாம். வேதனா என்று கூப்பிட்டால் தமிழ்க் காதில் வேதனை என்றுதான் விழும். அனாமிகா என்றால் பெயர் இல்லாதவள். மோதிர விரலுக்கும் அதுதான் பெயர். இணையப் பட்டியல்களில் எந்தப் பெயரைத் தேடினாலும் "ஒளி", "தெய்வ அருள்", "தனித்துவம்" என்றே இருக்கும். அதை நம்பாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சொல்லை அதில் தேடுங்கள். வடமொழிப் பெயர் என்றால் வடமொழி அகராதியில் தேடுங்கள். இரண்டிலும் இல்லை என்றால் யாரோ ஓசைக்காகக் கட்டியது. வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் பொருள் இருப்பதாகப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

எஸ்/ஓ, டி/ஓ போட வேண்டுமா? கணவர் வேண்டும் என்கிறார். (ஈசூன்)

கட்டாயமில்லை. என் கருத்து, விட்டுவிடலாம். அந்தச் சாய்கோடு கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் வராது. அங்கே எழுத்து, எண், நிரப்புக்குறி மட்டும்தான். பயணச்சீட்டில் எஸ்ஓ, டிஓ பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கடப்பிதழின் அந்த வரியில் பெயருக்கு இருப்பதும் 40 இடம்கூட இல்லை. அப்பா பெயரைப் பின்னால் சும்மா எழுதினாலே போதும். மூத்த பிள்ளைக்குப் போட்டிருந்தால் மட்டும் இளையதற்கும் போடுங்கள். உடன்பிறந்தவர்களின் பெயர் வடிவம் வேறு வேறாக இருந்தால் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

குழந்தை பிறந்து ஐந்து வாரம். பெயர் இன்னும் முடிவாகவில்லை. மாமனார் பெயர் கோவிந்தசாமி, அதையே வைக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் பிடிவாதம். (தெம்பனிஸ்)

42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். உங்களுக்கு இருப்பது ஒரு வாரம், அதை முதலில் வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். பதிவு லைஃப்எஸ்ஜி என்ற அரசாங்கச் செயலி வழியாக, கட்டணம் 20 வெள்ளிக்குள். 2022 மே முதல் சான்றிதழும் மின்னிலக்கம்தான். நீங்கள் தட்டச்சு செய்வதே பதிவாகும், அனுப்பும் முன் இரண்டு பேர் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு மாற்ற வேண்டும் என்றால் வழக்கறிஞரிடம் போய் டீட் போல் என்ற பெயர்மாற்றப் பத்திரம் எழுத வேண்டும், 21 வயதுக்குக் கீழ் என்பதால் அம்மா, அப்பா இருவர் சம்மதமும் வேண்டும்.

தாத்தா பெயர் வைப்பது நல்ல வழக்கம், நான் அதன் பக்கம்தான். ஆனால் மாமனார் பெயரை மருமகள் சொல்லிக் கூப்பிட மாட்டாள் என்பதற்காகவே அந்தக் காலத்தில் குழந்தைக்கு வீட்டுப் பெயர் ஒன்று தனியாக இருந்தது. இப்போது அந்த வீட்டுப் பெயரே கடைசிவரை நின்றுவிடுகிறது, தாத்தா பெயர் அட்டையில் மட்டும் இருக்கிறது. கோவிந்தன் என்று சுருக்கினால் மாமனார் ஒத்துக்கொள்வாரா, கேளுங்கள். பையனையும் அந்தப் பெயரிலேயே கூப்பிடுங்கள்.

மகனுக்கு அப்துல் ஹக்கீம். பள்ளியில் அப்துல் என்று மட்டும் கூப்பிடுகிறார்களாமே? (பிடோக் வாசகர்)

ஆமாம், கூப்பிடுவார்கள். அப்துல் தனியாக நின்றால் பொருள் முடிவதில்லை. ஹக்கீமோடு சேர்ந்தால்தான் இறைவனின் அடியான் என்பது நிறைவாகிறது. ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகப் பதியுங்கள்.

நான் தமிழ், கணவர் சீனர். மகளுக்கு இரு பெயரும் வேண்டும். சீனப் பாட்டி வாயில் நுழைய வேண்டும். (அங் மோ கியோ)

நல்ல எண்ணம். 2011 முதல் இனத்தையே இரண்டாகச் சேர்த்துப் பதிய முடிகிறது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெயரில் குடும்பப் பெயர் முதலில், பிறகு தமிழ்ப் பெயர், கடைசியில் சீனப் பெயர் என்று வைத்தால் கூப்பிட வசதி. ழ, ற, ர இல்லாத இரண்டசைப் பெயராகப் பாருங்கள்: கனி, மீனா, நிலா. நிலா என்ற ஒலி இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. சிங்கப்பூரா என்று பெயரிட்டதாக மலாய் வரலாற்றுக் கதைகள் சொல்லும் இளவரசன் சாங் நீல உத்தமன். 2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் சின்னச் சிங்கத்துக்கும் நிலா என்றுதான் பெயர். பாட்டியை ஒரு நாள் முழுக்க அந்தப் பெயரில் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். தமிழில் எப்படி எழுதுவது என்பதைக் கணவருக்கும் எழுதிக் காட்டுங்கள்.

இரட்டையர், ஒரு பையன், ஒரு பெண். அகிலன், அகிலா சரியா? (புக்கிட் பாஞ்சாங்)

வேண்டாம். மருத்துவச் சீட்டிலும் பள்ளிப் பட்டியலிலும் இரண்டு பேரும் மாறிப்போவார்கள். முதல் எழுத்தாவது வேறாக இருக்கட்டும்: அகிலன், இனியா. இனியாவுக்கு ஆங்கிலத்தில் தொடக்கத்தில் ஒரு ஐ போதும்.