ஜோடி சேராத இயர்பட்: போர்டு போய்விட்டது என்று நம்புவதற்கு முன்

கேள்வி: எட்டு மாதம் முன்பு 1,499 ரூபாய்க்கு வாங்கிய வயர்லெஸ் இயர்பட். பத்து நாளாக ஃபோனில் ஒரே பெயர் இரண்டு முறை காட்டுகிறது. மேலே உள்ளதைத் தொட்டால் இடது மட்டும் பாடுகிறது, கீழே உள்ளதைத் தொட்டால் வலது மட்டும். ஃபோனில் அழித்துவிட்டு மறுபடி இணைத்துப் பார்த்தேன், ஃபோனை ரீஸ்டார்ட்டும் செய்தேன். மொபைல் கடையில் "போர்டு போயிடுச்சு, வேற வாங்கிக்கங்க" என்கிறார்கள். அப்படித்தானா? (மதுரை வாசகர்)

பதில்: வேறு வாங்க வேண்டாம், பொறுங்கள். போர்டு போகவில்லை என்பதற்கான சான்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இடது தனியாகப் பாடுகிறது, வலதும் தனியாகப் பாடுகிறது என்றால் இரண்டிலும் பேட்டரி, சிப், ஆன்டெனா, ஸ்பீக்கர் எல்லாம் வேலை செய்கின்றன. விட்டுப்போனது இரண்டுக்கும் நடுவே உள்ள பேரிங், அதாவது ஒன்றோடொன்று ஜோடி சேரும் இணைப்பு. பெரும்பாலும் அதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

இவ்வகை இயர்பட்டில் பேரிங் இரண்டு உண்டு. ஒன்று, இயர்பட்டுக்கும் ஃபோனுக்கும். அது எல்லோருக்கும் தெரியும். மற்றது, இடதுக்கும் வலதுக்கும். இது தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு, ஒவ்வொரு பட்டின் (ஒற்றை இயர்பட்டின்) நினைவகத்திலும் மற்றதன் முகவரி பதிந்திருக்கும். சார்ஜ் ஏற்றும் டப்பாவான கேஸிலிருந்து எடுத்ததும் இரண்டும் விழித்து, சில விநாடிகள் ஒன்றையொன்று தேடும். கண்டுகொண்டால் ஒன்று தலைமை எடுத்து ஃபோனோடு பேசும், மற்றது அதன் பின்னால் நிற்கும். அதனால்தான் ஃபோனில் ஒரே ஒரு பெயர் காட்டும். காணாவிட்டால் இரண்டும் தனித்தனி ஆளாக ஃபோனுக்குத் தம்மை அறிவிக்கும். நீங்கள் இரண்டு பெயரையும் தொட்டு இணைத்துவிட்டால், அடுத்த முறை கேஸைத் திறந்ததுமே இரண்டும் ஃபோனை நோக்கி ஓடும். ஒன்றையொன்று தேட நேரமே இருக்காது. ஃபோனில் எத்தனை முறை அழித்தாலும் தீராததற்குக் காரணம் இதுதான். பழுது ஃபோன் பக்கம் இல்லை.

இந்த நிலை எப்படி வருகிறது? ஒரு பட்டின் சார்ஜ் அடியோடு தீர்ந்து பல நாள் கிடந்திருக்கலாம். ஒன்றை மட்டும் ரீசெட் செய்திருக்கலாம். அப்டேட் ஓடும்போது ஒன்று கேஸுக்குள் போயிருக்கலாம். ஒற்றைக் காதில் மட்டும் மாதக்கணக்கில் பயன்படுத்துபவர்களுக்கும் இது வரும்.

செய்ய வேண்டியதை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் வீண்.

முதல் வேலை, ஃபோனை ஒதுக்குவது. இரண்டு பெயரையும் 'மற' கொடுத்து அழியுங்கள். லேப்டாப், டேப், டிவி, வீட்டிலுள்ள மற்றவர்களின் ஃபோன் என்று இந்த இயர்பட் முன்பு இணைந்த எல்லாவற்றிலும் அழித்து, எல்லாவற்றிலும் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். ஐஃபோனில் மேலிருந்து இழுக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில் அணைத்தால் போதாது. அது இணைப்பைத் துண்டிக்குமே தவிர புளூடூத்தை முழுவதும் அணைக்காது. செட்டிங்ஸுக்குள் போய் அணைக்க வேண்டும். ரீசெட் பலிக்காமல் போகும் வீடுகளில் பெரும்பாலும் பக்கத்து அறை லேப்டாப் ஒன்று இயர்பட்டைச் சத்தமில்லாமல் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்து சார்ஜ். இரண்டு பட்டையும் கேஸில் வைத்து, கேஸையும் சார்ஜரில் போட்டு, மூடியபடி ஒரு மணி நேரம் விடுங்கள். கேஸிலேயே சார்ஜ் இல்லையென்றால், பட்டை வெளியே எடுத்தபோது 'எழுந்திரு' என்ற சமிக்ஞை ஒழுங்காகப் போகாது. விலை குறைந்த கேஸ் சிலவற்றில் ஒரு சிக்கல் உண்டு. இரு முனையிலும் டைப்-சி உள்ள புதிய கேபிளில் அவை சார்ஜே ஏறாது. டைப்-சி சார்ஜர் 'எதிரில் கருவி இருக்கிறது' என்று அறிவதற்குத் தேவையான 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை அந்தக் கேஸுக்குள் வைக்காமல் விட்டிருப்பார்கள். பழைய செவ்வக யூ.எஸ்.பி. முனையுள்ள கேபிளையும் சாதாரண 5 வோல்ட் சார்ஜரையும் போட்டால் ஏறும்.

மூன்றாவது, பின்களைத் துடைப்பது. பலரும் தாண்டிப் போகும் படி இது. என் கணிப்பில் முக்கியமானதும் இதுதான். கேஸின் குழிக்குள் ஸ்பிரிங் வைத்த சிறு பின்கள் இருக்கும், பட்டின் அடியில் அதற்கு ஈடான உலோகப் புள்ளிகள். வியர்வை, காதழுக்கு, எண்ணெய் எல்லாம் சேர்வது அங்கேதான். அந்த இரண்டு புள்ளிகள் வழியாகச் சார்ஜ் மட்டும் போவதில்லை. தான் கேஸுக்குள் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று பல மாடல்களில் பட் அறிவதும் அவற்றின் வழியாகத்தான். தொடுகை சரியில்லாவிட்டால் பட் கேஸுக்குள் இருந்தபடியே தன்னை வெளியே இருப்பதாக நினைத்து இரவு முழுக்க விழித்திருக்கும். காலையில் ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் காலி என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் வேர். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு இரண்டு பக்கமும் துடையுங்கள். சானிடைசர் ஜெல் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படலமாக ஒட்டிக்கொள்ளும். பச்சையாகப் பூத்திருந்தால் பென்சில் ரப்பரால் பட்டின் புள்ளிகளை மெதுவாகத் தேய்க்கலாம். கேஸின் பின்களை மரப் பல்குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். அழுத்தியது மேலே எழும்பாவிட்டால் அந்தப் பின் சிக்கியிருக்கிறது. ஊசியும் பிளேடும் கிட்டவே வரக்கூடாது. தங்கப் பூச்சு போய்விட்டால் ஒரு மாதத்தில் மறுபடி பூக்கும்.

இப்போதுதான் ரீசெட். மாடலுக்கு மாடல் முறை வேறு, ஆனாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். கேஸில் பொத்தான் உள்ளவற்றில் இரண்டையும் உள்ளே வைத்து, மூடியைத் திறந்தபடி அந்தப் பொத்தானை 10 முதல் 15 விநாடி அழுத்த வேண்டும். பட்டிலேயே பொத்தான் உள்ளவற்றை வெளியே எடுத்து, அணைத்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரெட்மி ஏர்டாட்ஸ் இந்த வகை: அணைத்த நிலையில் சுமார் 15 விநாடி பிடித்தால் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி மின்னும், உடனே கேஸில் வைத்துவிட வேண்டும். மூன்றாவது வகைக்குச் செயலி தேவை. கேலக்ஸி பட்ஸுக்குக் கேலக்ஸி வேரபிள் செயலிக்குள்ளேயே ரீசெட் இருக்கிறது.

பட்டில் பொத்தானுக்குப் பதில் விரலால் தொட்டு அழுத்தும் டச் வகையில் ஒரு இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். நாலைந்து விநாடி அழுத்தியதும் அணையும் ஒலி கேட்கும். வேலை முடிந்தது என்று விரலை எடுத்துவிடுவார்கள். அது வெறும் பவர் ஆஃப். விரலை எடுக்காமல் தொடர்ந்து பிடித்திருந்தால்தான் ரீசெட் வரை போகும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். ஒன்று மட்டும் ரீசெட் ஆனால் மற்றது பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும், நிலைமை முன்னைவிட மோசமாகும்.

பிறகு இரண்டையும் கேஸில் வைத்து மூடி, அரை நிமிடம் விட்டு, ஒரே சமயத்தில் எடுத்து மேசையில் அருகருகே வையுங்கள். ஃபோனைத் தொடாதீர்கள். முதலில் இரண்டும் மின்னும். பத்து இருபது விநாடியில் ஒன்று அடங்கி, மற்றது மட்டும் மின்னினால் ஜோடி சேர்ந்துவிட்டது. இனி ஃபோனில் புளூடூத்தைத் திறந்து தேடுங்கள். ஒரே பெயர்தான் வர வேண்டும். மறுபடி இரண்டு பெயர் வந்தால் எதையும் தொடாமல் புளூடூத்தை அணைத்துவிட்டு ரீசெட்டிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று முறை தேவைப்படுவது சகஜம்.

கேள்வி: என் இடது பட்டில் விளக்கே எரியவில்லை. இதற்கும் ரீசெட்தானா? (சேலம்)

பதில்: இல்லை. விளக்கு எரியாவிட்டால் அது மின்சாரப் பிரச்சினை, பேரிங் பிரச்சினை அல்ல. மேலே சொன்னபடி பின்களைத் துடைத்து, பட்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் எரிந்தால் தொடுகைதான் குறை; வேறு அளவு சிலிகான் காதுமூடி மாட்டியதால் பட் குழிக்குள் முழுவதும் உட்காராமலும் இருக்கலாம். ஒரு நொடி எரிந்து அணைந்தால் பேட்டரி அளவுக்கு மீறி வடிந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல் மிகச் சிறியது, பல மாடல்களில் 30 முதல் 60 மில்லி ஆம்பியர் மணிதான். சில மாதம் கேஸில் சும்மா கிடந்தாலே பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடும் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் சார்ஜில் விட்டுப் பாருங்கள், சில மீளும்.

மீளாவிட்டால் செல் மாற்றலாம். செல்லின் மேல் உள்ள எண்ணே அளவு: 1254 என்றால் விட்டம் 12 மி.மீ., தடிமன் 5.4 மி.மீ. ஆனால் இரண்டாயிரத்துக்குள் வாங்கிய இயர்பட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடு பசையால் ஒட்டியது. பிரித்தால் வியர்வைத் தடுப்பு போய்விடும். அந்தச் சின்ன செல்லில் நேரடியாகச் சால்டரிங் அயர்ன் வைப்பது ஆபத்து. இணைப்புத் தகடு பற்றவைத்தே வரும் செல்லும், பழகிய கையும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: ஏர்பாட்ஸில் வலது தொலைந்துவிட்டது. ஒற்றை வலது மட்டும் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கினால் என் இடதோடு சேருமா? (கோயம்புத்தூர்)

பதில்: அதே தலைமுறையாக இருந்தால் சேரும், இல்லாவிட்டால் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் சேராது. பட்டின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். முதல் தலைமுறைக்கு ஏ1523, ஏ1722. இரண்டாம் தலைமுறைக்கு ஏ2031, ஏ2032. வெளித்தோற்றத்தில் இவை இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, அதனால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பணம் அனுப்புவதற்கு முன் எண் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள்.

வந்ததும் இரண்டையும் கேஸில் வைத்து மூடியைத் திறந்தால் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மின்னும். புதியதும் பழையதும் இன்னும் அறிமுகமாகவில்லை என்று அர்த்தம். பின்புறப் பொத்தானை 5 விநாடி அழுத்தினால் வெள்ளையாக மின்ன வேண்டும். ஆரஞ்சிலேயே நின்றால் கேஸைச் சார்ஜில் போட்டு, மூடி, அரை மணி நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள். முழு ரீசெட் வேண்டுமென்றால் மூடி 30 விநாடி விட்டு, திறந்து, ஆரஞ்சு மின்னி வெள்ளையாகும் வரை சுமார் 15 விநாடி அழுத்த வேண்டும்.

விலை குறைந்த பிராண்டுகளில் ஒற்றை பட் வாங்குவது இதைவிடச் சிக்கல். மாடல் பெயர் அதேயாக இருந்தாலும் உள்ளே சிப் மாறியிருக்கலாம். திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுத்தில் உறுதி தராதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: இரண்டும் இணைந்திருப்பதாக ஃபோன் காட்டுகிறது, ஆனால் வலதில் சத்தமே இல்லை. (தஞ்சாவூர்)

பதில்: ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் இடது–வலது ஒலிச் சமநிலைக் கோடு இருக்கும். அது ஒரு பக்கம் தள்ளிப் போயிருக்கிறதா பாருங்கள். நடுவில் இருந்தால் பட்டின் வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உலர்ந்த மென்மையான பிரஷால் துடையுங்கள். அழைப்பில் மட்டும் ஒரு காதில் கேட்கிறது என்றால், பழைய மாடல்கள் சிலவற்றின் அமைப்பே அப்படித்தான், பழுது அல்ல.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய இயர்பட் முதல் நாளிலிருந்தே ஜோடி சேரவில்லை. திருப்பித் தரும் 7 நாள் தாண்டிவிட்டது. விற்றவர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார், கம்பெனி பதிலே போடவில்லை. என்ன செய்யலாம்? (திருநெல்வேலி)

பதில்: முதலில் பட்டின் அடியிலுள்ள உலோகப் புள்ளிகளில் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி இருக்கிறதா பாருங்கள். புதிதாக வரும்போது சார்ஜ் வடியாமலிருக்க ஒட்டியிருப்பார்கள். நிறம் தெரியாததால் பலர் உரிப்பதே இல்லை. உரித்தும் சேரவில்லை என்றால் பொருளில் குறை.

7 நாள் என்பது அந்தத் தளம் திருப்பி எடுத்துக்கொள்ளும் கால அளவு. வாரண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பில், பெட்டியிலுள்ள சீரியல் எண் படம், கேஸைத் திறப்பதிலிருந்து ஃபோனில் இரண்டு பெயர் வருவது வரை வெட்டாமல் எடுத்த வீடியோ ஆகிய மூன்றையும் சேர்த்துத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தொலைபேசியில் பேசுவதைவிட எழுத்தில் அனுப்புவதே பின்னால் கைகொடுக்கும்.

அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. வழக்கு தொடுக்கும் முன்பே பேசித் தீர்க்கும் வழி இது. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை.

பெட்டியில் இன்னொன்றையும் பாருங்கள். வயர்லெஸ் இயர்போனுக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், 'ஆர்' எழுத்தும் அதைத் தொடர்ந்து 8 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த பதிவு என்று காட்டும். எண்ணே இல்லை, அல்லது வேறு பொருளுக்கான எண் என்றால் அதையும் படம் எடுத்துப் புகாரோடு சேருங்கள்.