தலையில் தடவும் முடி மருந்துக்குக் கொடுக்கிற காசு வீணா?

கேட்டவருக்கு 27 வயது. முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறதாம், லோஷன், சீரம் என்று விற்கிறார்களே, அதெல்லாம் வேலை செய்யுமா, இல்லை ஏமாற்றா என்று கேட்டிருக்கிறார். நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாக மினாக்சிடில் என்கிற முடி மருந்தைத் தடவுகிறேன், அதற்கு முன்னால் ஒரு வருடம் வேறு என்னென்னவோ தடவினேன், அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

மினாக்சிடில் வேலை செய்யும். இருக்கிற முடியைப் பிடித்து வைக்கும், போனதில் கொஞ்சம் திருப்பித் தரும். ஆனால் உங்களுக்குக் கொட்டுவது எந்த வகை என்று தெரியாமல் பாட்டிலைத் திறந்தால் காசும் போகும், நேரமும் போகும்.

எனக்கு விஷயம் தெரிந்ததே ஒரு துணிக்கடையில்தான். பில் போடும் இடத்தில் மேலே ஒரு டிவி, அதில் சிசிடிவி படம் ஓடுகிறது. நீலச் சட்டை போட்ட ஒருவருக்கு உச்சியில் ஒரு வடை அளவுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பாவம், சின்ன வயசுதான் போல என்று நினைத்துக்கொண்டே கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்தேன். அவரும் மாற்றிப் பிடித்தார். கண்ணாடியில் தினமும் முன்பக்கத்தை மட்டுமே பார்ப்பவனுக்கு உச்சி எப்படித் தெரியும்? அப்போது எனக்கு 32.

வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிட்டது: போர் தண்ணி. "உப்புத் தண்ணியில குளிச்சா முடி நிக்குமா?" என்று அம்மா கேட்டாள். அதே தண்ணியில் குளிக்கிற அவளுக்கு இடுப்பு வரை முடி. ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவில் தாத்தாவின் தலையையும் அதற்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையையும் பார்த்தாலே காரணம் புரிந்திருக்கும், ஆனால் தண்ணியைக் குறை சொல்வது எல்லோருக்கும் வசதி. ஒரு வருடம் கரிசலாங்கண்ணி எண்ணெய், செம்பருத்தி, ஊற வைத்து அரைத்த வெந்தயம், சின்ன வெங்காயச் சாறு என்று போனது. வெங்காயச் சாறு பூசிக்கொண்டு ஆபீஸ் போன அன்று பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்தார். பழநிக்குப் போய் மொட்டையும் போட்டேன். முளைத்து வரும்போது அடர்த்தியாகத்தான் தெரிந்தது. வெட்டின முனை தடிப்பாக இருப்பதால் அப்படித் தோன்றும், அவ்வளவுதான். வேர் உள்ளே எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். மூன்றே மாதத்தில் வடை மறுபடியும் வெளியே வந்துவிட்டது.

இப்போது என் தங்கை கதை. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டு மூன்றாவது மாதம் குளியலறை ஜல்லடையில் கை நிறைய முடி. அழுதுகொண்டே என் பாட்டிலைக் கேட்டாள். தரவில்லை, தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் தைராய்டும், உடம்பில் இரும்புச்சத்து இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்த்தார். ஃபெரிட்டின் தரையில் கிடந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, மற்றபடி காத்திருங்கள் என்று அனுப்பினார். ஆறேழு மாதத்தில் தானாக அடங்கி, நெற்றி ஓரத்தில் குட்டி குட்டியாகப் புது முடி வந்தது. காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி டயட், இதற்கெல்லாம் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது இந்த வகை. உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்ததும் வேர்கள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும், ஓய்வு முடிந்ததும் கூட்டமாக உதிரும், பிறகு திரும்பி வரும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் அவள் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் முடி வந்த பெருமை அந்த எண்ணெய்க்குத்தான் போயிருக்கும். "எனக்கு வேலை செய்தது" என்று எல்லா எண்ணெய்க்கும் நாலு பேர் சத்தியம் பண்ணுகிறார்களே, அதில் பாதி இப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன். பொய் சொல்லவில்லை, ஆள் மாறாட்டம்.

வட்டமாக, வழவழவென்று ஒரு இடத்தில் மட்டும் முடி போனால் அது புழுவெட்டு. அதற்கும் புழுவுக்கும் சம்பந்தமில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குவது. அதற்கு வைத்தியம் வேறு, நேராக டாக்டரிடம் போங்கள். வெங்காயச் சாறு பற்றி எல்லோரும் காட்டும் 2002ஆம் ஆண்டு ஆய்வு இந்தப் புழுவெட்டுக்காரர்களிடம் நடந்தது. நம் வழுக்கைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் ஆபீஸில் மரியாதை மிஞ்சியிருக்கும்.

உங்களுடையது, என்னுடையது, பரம்பரை வழுக்கை. டிஎச்டி என்கிற ஹார்மோன் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனை மயிர் மாதிரி ஆகிவிடும். இதற்குத்தான் மினாக்சிடில். ஆரம்பத்தில் இது பிரஷர் மாத்திரை. 1979இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது, சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்தது, அதைப் பார்த்து லோஷனாக்கி 1988இல் ஆண்களின் வழுக்கைக்கு விற்க ஆரம்பித்தார்கள். ஹார்மோனை இது தொடுவதே இல்லை. ஓய்வில் இருக்கும் வேரைச் சீக்கிரம் எழுப்பும், வளரும் காலத்தை நீட்டும். அதனால்தான் விட்டால் போய்விடுகிறது, காரணம் உள்ளே அப்படியேதானே இருக்கிறது.

லோஷனில் மருந்து 5% இருந்தால் நல்லதா 2% போதுமா என்று 393 ஆண்களிடம் 48 வாரம் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். 5% போட்டவர்களுக்கு 2% போட்டவர்களைவிட 45% அதிகமாக முடி வந்தது. இந்த 45%ஐ விளம்பரத்தில் பார்த்து, போன முடியில் பாதி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கொஞ்சம் வந்ததைவிட இன்னும் கொஞ்சம் கூட வந்தது, அவ்வளவுதான். இன்னொன்று, தோலில் இருக்கும் ஒரு என்சைம் இந்த மருந்தை மாற்றிக்கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அது சிலருக்குக் குறைவு. அவர்கள் ஒரு வருடம் ஒழுங்காகப் போட்டாலும் ஒன்றும் நடக்காது, தப்பு அவர்கள் மேல் இல்லை.

தடவுவது சின்ன வேலைதான், ஆனால் முதல் மாதம் முழுக்கத் தப்பாகச் செய்தேன். தலை காய்ந்திருக்க வேண்டும், முடியை வகிடு பிரித்துத் தோலில் படும்படி 1 மில்லி, காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. நான் முடிமேல் ஊற்றி எண்ணெய் மாதிரி தேய்த்தேன். மருந்து நெற்றியில் வழிந்து கன்னம் வரை வந்தது, கொஞ்ச நாளில் கன்னத்து மேட்டில் முடி தலை காட்டியது! தலைக்கு வருவதற்கு முன்னால் அங்கே வந்துவிட்டது. இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு வளராது, நெஞ்சு படபடப்புதான் கூடும். அப்புறம் அரிப்பும் பொடுகு மாதிரி வெள்ளைச் செதிலும் வந்தன. லோஷனில் கலக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அது இல்லாத நுரை வகைக்கு மாறினேன், நின்றுவிட்டது.

மூன்றாவது வாரத்தில் பெரிய சோதனை. தலையணையில், சீப்பில், சாப்பாட்டில், எங்கும் முடி. புது முடி கிளம்பும்போது ஓய்வில் இருந்த பழையதைத் தள்ளிவிடுகிறது, இரண்டு மாதத்துக்குள் அடங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் தப்பித்தேன். கூடவே ஆரம்பித்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் சரியாக அந்த வாரத்தில் பாட்டிலைக் குப்பையில் போட்டார். இன்றைக்கும் டீக்கடையில், "அந்த மருந்து போட்டுத்தான் எனக்கு முடி போச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாலு மாதம் வரை எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவது மாதம் உச்சியில் பஞ்சு மாதிரி ஏதோ. ஒரு வருடத்தில் வடை அளவு போய் ஒரு ரூபாய் நாணய அளவு ஆனது. மாதம் ஒரு தடவை அதே குளியலறையில், அதே விளக்கின் கீழ் எடுத்த போட்டோவை வைத்துத்தான் சொல்கிறேன், இல்லாவிட்டால் மனசு எதையும் நம்பும். முன்நெற்றியில்? ஏறியது ஏறியதுதான், அதற்கு மேல் ஏறவில்லை. உங்கள் பிரச்சினை முன்நெற்றி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நடுவில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாலைந்து மாதம் விட்டுவிட்டேன். வந்ததெல்லாம் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து. ஆக இது பால் கணக்கு மாதிரி, மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 60 மில்லி பாட்டில் ஒரு மாதம் வரும், எனக்கு 700, 800 ரூபாய் ஆகிறது. ஆறு வருடத்துக்கு 50,000 தாண்டிவிட்டது. தொழில் கணக்கு எழுதுவது என்பதால் இதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மற்ற சரக்குகள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் போவதைக் குறைக்கும், இருக்கிற முடிக்கு நல்லது, வேருக்கு ஒன்றும் செய்யாது. ரோஸ்மேரி எண்ணெய்க்கு எல்லோரும் காட்டுவது 2015இல் 100 பேரிடம், 2% மினாக்சிடிலோடு ஒப்பிட்டு ஆறு மாதம் செய்த ஆய்வு. இரண்டிலும் கொஞ்சம்தான் கூடியது, சும்மா விட்ட ஒரு குழுவும் அதில் இல்லை, அதனால் அதை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. வாயில் நுழையாத பெயர் போட்ட சீரம்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் என் கண்ணில் படவில்லை. ஒரு முடி கிளினிக்கில் 18,000 ரூபாய்க்கு ஒரு "கிட்" எடுத்து நீட்டினார்கள். லேபிளில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன், அதே 5% மினாக்சிடில், கூட நாலு வைட்டமின். மெடிக்கலில் கிடைப்பதற்கு அவ்வளவு பெரிய பெட்டி தேவையில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஃபினாஸ்டிரைடு கலந்த லோஷனும் இருக்கிறது. அது டிஎச்டியையே குறைக்கும், அதனால் பலன் கூட. ஆனால் தலையில்தானே தடவுகிறோம் என்று அலட்சியமாக இருக்க முடியாது, ரத்தத்திலும் கொஞ்சம் கலக்கும். இப்படிக் கலந்து விற்கும் லோஷன்களால் பாலுறவுப் பிரச்சினை, மனச்சோர்வு போன்ற புகார்கள் வந்திருப்பதாக 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அதைத் தொடவே கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். மினாக்சிடிலேகூட இதயக் கோளாறு, பிரஷர் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் வேண்டாம்.

உங்கள் 27 வயசில் நான் ஆரம்பித்திருந்தால் இன்றைக்கு முன்நெற்றியும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். டாக்டரிடம் ஒரு தடவை காட்டி, பரம்பரை வழுக்கைதான் என்றால், தினமும் இரண்டு வேளை வருடக்கணக்கில் போட முடியும் என்றால், வாங்குங்கள். தலை பளபளவென்று ஆகிப் பல வருடம் ஆனவர் என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன். சவரம் பண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

வீட்டில் பூனை இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. மினாக்சிடில் பூனைக்கு விஷம், கொஞ்சம் நக்கினாலே இதயமும் நுரையீரலும் கெட்டு உயிருக்கு ஆபத்து. எங்கள் வீட்டுப் பூனை என் தலையணையில்தான் படுக்கும். இது தெரிந்த நாள் முதல் ராத்திரி டோஸை ஏழு மணிக்கே முடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் படுக்கிறேன், படுக்கையறைக் கதவும் சாத்தியிருக்கும். அது இப்போது அம்மா காலடியில் படுக்கிறது, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.