பின்னங்கால் வலுவில்லாத நாய்க்குட்டிக்கு வீட்டிலேயே என்ன பிசியோதெரபி செய்யலாம்?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். 7 வார நாட்டு நாய்க்குட்டி. பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடுகின்றன, எழ முடியவில்லை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார் டாக்டர். பிசியோ செய்யச் சொன்னார். பால்சோறுதான் கொடுக்கிறோம். எப்படிச் செய்வது?

பதில்:

பயிற்சிக்கு முன் தரையையும் தீனியையும் சரிசெய்யுங்கள். பலர் நேராகக் காலை ஆட்டத் தொடங்கிவிடுகிறார்கள். குட்டியோ நாள் முழுக்க டைல்ஸில் வழுக்கிக்கொண்டு கிடக்கும்.

முறிவு இல்லை என்றால் எலும்பு திடமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதே எக்ஸ்ரேயைக் காட்டி, எலும்பு மெலிந்திருக்கிறதா என்று கேளுங்கள். பால்சோறு, வெறும் ஈரல், வெறும் கோழிக்கறி என்று வளரும் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் நிற்கவைக்கும் பயிற்சியே எலும்பை முறித்துவிடும். முதலில் சிறிய இடத்தில் அடைத்து ஓய்வு, சரியான தீனி. கடையில் விற்கும் பப்பி ஃபுட் நல்லதாக இருந்தால் அதுவே போதும், மேலே கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள், அதுவும் எலும்பைக் கெடுக்கும். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் முட்டை ஓட்டுத்தூள் உதவும். ஆனால் ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கும் என்பதால் அளவை எடைக்கேற்ப டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். பிரியாணி எலும்பு வேண்டவே வேண்டாம். நாளைக்கு 4 வேளை கொடுங்கள். இந்த வயதில் பட்டினி கிடந்தாலே சர்க்கரை இறங்கி கால் தள்ளாடும்.

அடுத்தது உணர்ச்சி. விரலை அழுத்திக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தண்டுவடம் மூளையைக் கேட்காமலே காலை இழுக்கும். தலையைத் திருப்பிப் பார்த்தால், கத்தினால், கடிக்க வந்தால்தான் வலி தெரிகிறது என்று பொருள். பிறகு பாதத்தை மடக்கி மேல்புறம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல கால் உடனே திருப்பிக்கொள்ளும். இந்த இரண்டையும் வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

கால் விறைத்து மடங்காமல் நீட்டிக்கொண்டே போனாலோ, கால் தாளம்போல் துடித்து கண், மூக்கில் சளி வந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். தாடை தொங்கி எச்சில் வடிந்தால் வாய்க்குள் கை விடாதீர்கள், அது வெறிநோயாக இருக்கலாம். கடித்திருந்தால், கீறியிருந்தால், எச்சில் காயத்தில் பட்டிருந்தால் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி ஊசி போடப் போய்விடுங்கள்.

இனி தரை. செய்தித்தாள் விரிப்பதுதான் மிக மோசம், டைல்ஸைவிட அது வழுக்கும். 6 மி.மீ. யோகா மேட் ஒன்று போதும். ஓரத்தை டேப்பால் ஒட்டி, 4 அடிக்கு 4 அடி இடத்தை அட்டைப்பெட்டியால் அடைத்துவிடுங்கள். விரல் இடுக்கு முடியையும் நகத்தையும் கத்தரியுங்கள். தூங்கும் இடத்தில் மெத்தென்ற துணி, நனைந்தால் உடனே மாற்றவேண்டும். 2 மணி முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். தண்டுவடம் பாதித்தவர்களுக்காக 1966-ல் வேலூர் பாகாயத்தில் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்தில் மனிதர்களுக்கும் படுக்கைப்புண் வராமல் இருக்க இப்படிப் பக்கம் மாற்றுவதைக் கற்றுத்தருகிறார்கள். தூக்கும்போதெல்லாம் சிறுநீர் ஒழுகினால் பை நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். அழுத்தி எடுக்கும் முறையை டாக்டர் கையால் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. முதலில் வெந்நீரில் பிழிந்த துணியால் தொடையில் 5 நிமிடம் ஒத்தடம். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே வையுங்கள், உணர்ச்சியில்லாத தோல் வெந்தாலும் குட்டி கத்தாது. பிறகு பாதத்திலிருந்து இடுப்பை நோக்கி 2 நிமிடம் தடவல். அதன்பின் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கை மூட்டுக்கு மேலே, மறு கை கீழே தாங்கி, விரல், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொன்றையும் 10 தடவை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். கால் தரைக்கு இணையாகவே இருக்கட்டும். மேலே தூக்கி விரித்தால் இளசான இடுப்பு மூட்டு இன்னும் தளரும். உதட்டை நக்கினால், தசையை இறுக்கினால் அதுதான் எல்லை. கடைசியில் சைக்கிள் மிதிப்பதுபோல் 10 சுற்று. நாளைக்கு 3 அல்லது 4 முறை.

இது மூட்டு இறுகாமல் காக்கும், அவ்வளவுதான். தசை வளர்வது நிற்பதில்தான். மெல்லிய துண்டை மடித்துப் பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றடியில் கொடுங்கள். ஆண் குட்டி என்றால் குறி மேல் அழுத்தக்கூடாது. பாதம் இரண்டும் இடுப்பு அகலத்தில், உள்ளங்கால் தரையில் பட வையுங்கள். இப்போது துண்டை மெல்லத் தளர்த்தி எடையைக் காலில் இறக்குங்கள். எல்லோரும் சறுக்குவது இங்கேதான்: பாவம் பார்த்துத் தூக்கியே பிடித்திருப்பார்கள், பாதம் தரையை உரசிக்கொண்டிருக்கும், ஒரு பயனும் இருக்காது. முட்டி மடங்கும் அந்த நொடியில் மட்டும் தாங்குங்கள். 10 விநாடியில் தொடங்கி 30 விநாடி வரை, 5 தடவை. நிற்கப் பழகியதும் இடுப்பை இடம் வலமாக லேசாக அசையுங்கள். தீனித் தட்டை மார்பு உயரத்துக்கு ஒரு செங்கல் மேல் வைத்தால் தலை நிமிர்ந்து எடை தானாகப் பின்காலுக்குப் போகும். பயிற்சி என்றே குட்டிக்குத் தெரியாது.

கால் விரிவதற்கு இரு காலையும் இடுப்பு அகலத்தில் எட்டு வடிவமாகக் கட்டும் முறை 3, 4 வாரக் குட்டிக்கு நன்றாகப் பலன் தரும். 7 வாரத்தில் பலன் குறைவு, நிற்கவைக்கும்போது மட்டும் கட்டிப் பாருங்கள். பஞ்சு சுற்றி அதன்மேல் மைக்ரோபோர் டேப். விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே அவிழுங்கள். இந்தச் சாமான் எல்லாம் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும்.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீர். பெரிய பிளாஸ்டிக் டப்பின் அடியில் ரப்பர் மேட் போட்டு, இடுப்பு மூட்டு அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், 30 முதல் 32 டிகிரி. அந்த ஆழத்தில் காலில் இறங்கும் எடை பாதிக்கும் கீழே குறையும். முழங்கால் அளவு தண்ணீரில் அந்தக் குறைவு கொஞ்சம்தான். 2 நிமிடம் நிற்க, நடக்க விடுங்கள், கை வயிற்றடியிலேயே இருக்கட்டும். நீந்த விடாதீர்கள், முன்னங்காலை மட்டும் அடித்துவிட்டுப் பின்காலைச் சும்மா தொங்கவிடும். கத்திரி வெயிலில் மதியம் மேல்தொட்டிக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர்தான் வரும், எனவே காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். பாலாற்றுக் குட்டை, ஏரிப் பக்கம் போகாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். வயிற்றுப்போக்கு, புண் இருந்தாலும் தண்ணீர் கூடாது.

மறுநாள் குட்டி சோர்ந்தால், தீனியைத் தள்ளினால், மூட்டு சூடாக வீங்கினால் முந்தின நாள் அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். துண்டு இல்லாமல் 10 விநாடி நின்றதும் யோகா மேட்டிலிருந்து தேங்காய்நார் கால்மிதிக்கும், பிறகு ஆற்றுமணல் குவியலுக்கும் மாற்றுங்கள். இரண்டு வாரத்தில் பாதம் திருப்புவதில்கூட மாற்றம் இல்லையென்றால் எக்ஸ்ரேயையும் வாராவாரம் ஒரே இடத்தில் எடுத்த வீடியோக்களையும் எடுத்துக்கொண்டு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பி.வி.சி. பைப் சக்கர வண்டி பற்றிய யோசனை அங்கே பார்த்த பிறகு போதும். இப்போதே மாட்டினால் வளர வளர அளவு மாறும், பின்காலை ஊன்றிப் பார்க்கும் முயற்சியையும் குட்டி விட்டுவிடும்.